உழக்குக்கூட மிஞ்சாத கணக்கு

ஏழாம் வகுப்பில் ஒரு நாள் கரும்பலகையில் "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்று எழுதிவிட்டு, பொருள் என்ன என்று கேட்டேன். பாதி வகுப்பு கையைத் தூக்கியது. "விவசாயத்துல லாபமே வராது மிஸ்." சரிதான். "உழக்குன்னா என்ன?" தூக்கிய கைகள் இறங்கிவிட்டன. ஒருவன் "உழவர் மாதிரி ஏதோ ஒண்ணு" என்று சமாளித்தான். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் மட்டும், "எங்க ஆச்சி வீட்டுல இருக்கு மிஸ், அதுலதான் அரிசி அளப்பாங்க" என்றாள்.

பழமொழியின் பொருள் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிகிறது. பழமொழிக்குள் இருக்கும் பொருள்தான் யாருக்கும் தெரிவதில்லை. நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது பொருள். நீதியைத் தமிழாசிரியரிடம் விட்டுவிடுங்கள், அவர் நம்மைவிட நன்றாகச் சொல்லுவார். அளந்தது யார், எதால் அளந்தார், யார் நிலம், மிச்சம் எங்கே போனது என்று கேட்பதுதான் வரலாற்று ஆசிரியரின் வேலை.

ஆகவே பழமொழியைத் தேர்ந்தெடுக்கும்போது, அதற்குள் கையில் எடுக்கக்கூடிய ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓர் அளவை, ஒரு நாணயம், ஒரு பயிர், ஒரு கருவி, ஓர் ஊர், இப்படி. "பொறுத்தார் பூமி ஆள்வார்" நல்ல பழமொழிதான்; ஆனால் அதை வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் ஓட்ட முடியாது.

உழக்கு

அந்தப் பெண் மறுநாள் பித்தளை உழக்கைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்தாள். அடிப்பாகம் நசுங்கியிருந்தது, விளிம்பில் யாருடைய பெயரோ புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. வகுப்பில் கைமாறிக் கைமாறிச் சுற்றிவர ஐந்து நிமிடம் ஆனது. அவசரப்படுத்தாதீர்கள், அந்த ஐந்து நிமிடமும் பாடம்தான்.

பிறகு வாய்பாட்டை எழுதுங்கள். நான்கு உழக்கு ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஒரு கலத்தில் எத்தனை உழக்கு என்று அவர்களையே பெருக்கச் சொல்லுங்கள், 384 வரும். "கலக்கணக்கில் விளைந்தாலும் உழக்கு மிஞ்சாது" என்று சொல்லும்போது எவ்வளவு பெரிய மலைக்கும் எவ்வளவு சிறிய மடுவுக்கும் உள்ள தூரம் பேசப்படுகிறது என்பது அப்போதுதான் உறைக்கும்.

அடுத்தது நடிப்பு. நான்கு படி அரிசி, அதாவது பதினாறு உழக்கு, ஒரு செய்தித்தாளின் மேல் குவியுங்கள். அதுதான் களத்துமேடு. ஆறு பிள்ளைகள் போதும். முதலில் மேரை: கொல்லர், தச்சர், வண்ணார், வெட்டியான், ஏரிநீரைப் பாய்ச்சுகிறவர் என்று ஊர் வேலை செய்தவர்களுக்குக் குவியலிலிருந்தே எடுத்துக் கொடுக்கும் பங்கு. அதற்கு இரண்டு உழக்கு. மீதி பதினான்கில் பாதி மேல்வாரம், அரசுக்கோ நிலத்துக்கு உரிமையுள்ளவருக்கோ போவது. குடிவாரமாக உழுதவன் கையில் நிற்பது ஏழு. விதைநெல்லுக்கு இரண்டு ஒதுக்கியாக வேண்டும். போன ஆவணியில் வாங்கிய கடன் வட்டியோடு மூன்று. மாட்டு வாடகை ஒன்று.

எங்கள் வகுப்பில் உழவராக இருந்த பையன் கடைசியில் ஒரே ஓர் உழக்கு அரிசியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "மிஸ், ஒண்ணு மிஞ்சுதே! பழமொழி தப்பு." பக்கத்திலிருந்தவள் உடனே, "டேய், நீ இன்னும் சாப்பிடவே இல்லடா" என்றாள். நான் அன்று வேறொன்றும் சொல்லவில்லை.

இந்தப் பங்குகள் ஊருக்கு ஊர் மாறும், காலத்துக்குக் காலம் மாறும்; நாம் எடுத்துக்கொண்டது கணக்குக்கு வசதியான அளவு என்பதைப் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். உண்மையான பதிவு வேண்டுமென்றால் நம் வட்டாரத்திலேயே இருக்கிறது. தாம்பரத்தையும் சேர்த்துக்கொண்ட செங்கல்பட்டுப் பகுதியை ஆற்காட்டு நவாப் முகம்மது அலி 1763இல் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அதன்பின் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் அந்த ஜாகீரின் ஊர்களை ஒவ்வொன்றாக அளந்தார். எந்த ஊரில் எத்தனை வீடு, எத்தனை ஏரி, விளைச்சலிலிருந்து யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று அந்த அளவீட்டில் பதிவாகியிருக்கிறது. பிள்ளைகள் செய்தித்தாளில் ஆடிய ஆட்டத்தைக் கும்பினிக்காரர் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். ரயத்துவாரி, ஜமீன்தாரி என்று பாடப்புத்தகத்தில் வரும் சொற்களை இதற்குப் பிறகு சொன்னால் மண்டையில் ஏறும். இதற்கு முன்னால் சொன்னால் மனப்பாடம்தான்.

ஒரு துணைப்பாடம். அடுத்த வாரம் வீட்டிலிருக்கும் பழைய படிகளைக் கொண்டுவரச் சொன்னேன். மூன்று வந்தன. தண்ணீர் ஊற்றி, ஆய்வகத்து அளவுக்குவளையில் அளந்து பார்த்தால் மூன்றும் மூன்று அளவு. "எது சரியான படி?" என்று சண்டை. எல்லாமே அந்தந்த ஊரில் சரியான படிதான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் மரக்காலுக்குப் பெயரே உண்டு, "ஆடவல்லான்" என்று. எந்த மரக்கால் என்று பெயர் சொல்லி எழுதவேண்டிய தேவை அன்றைக்கே இருந்தது. நாடு முழுவதற்கும் மெட்ரிக் அளவை என்று சட்டம் வந்தது 1956இல். அதுவரை அளப்பவன் கையில் எந்தப் படி இருந்தது என்பது சின்ன விஷயமில்லை. வாங்கும்போது ஒரு படி, கொடுக்கும்போது ஒரு படி என்று வைத்திருந்த மிராசுதார்களைப் பற்றி இன்னும் பேசுகிற தாத்தாக்கள் இருக்கிறார்கள், கேட்டுவரச் சொல்லுங்கள்.

சுண்டைக்காய்

இது ஒரே பீரியடில் முடிகிற பாடம், எட்டாம் வகுப்புக்குப் பொருந்தும். "சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம்." பணம் என்றால் இங்கே பொதுவான காசு இல்லை, ஒரு நாணயத்தின் பெயர். கும்பினியின் சென்னையில் எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன். 1818க்குப் பிறகு ரூபாய்க் கணக்கு வந்தபோது மூன்றரை ரூபாய் ஒரு வராகன் என்று வைத்தார்கள். அப்படியானால் ஒரு ரூபாய்க்கு எத்தனை பணம்? கணக்கு ஆசிரியர் சந்தோஷப்படுவார்.

வாய்பாட்டைவிடச் சுவையானது கூலி. பண்டத்தைவிடக் கூலி மூன்று மடங்கு என்று மக்கள் சலித்துக்கொண்ட காலத்தில் சாலை எப்படி இருந்திருக்கும், வண்டி யாரிடம் இருந்திருக்கும், தலைச்சுமை தூக்கியவர் யார்? தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு 1856இல் ஓடியது. அதற்குப் பிறகு இந்தப் பழமொழி பொய்யாகியிருக்க வேண்டாமா? ஏன் ஆகவில்லை? எங்கள் வகுப்பில் ஒருத்தி கைப்பேசியில் அறுபது ரூபாய் ஹேர்கிளிப்புக்கு எழுபது ரூபாய் டெலிவரி கட்டிய கதையைச் சொன்னாள். இன்னொருவன், அந்த எழுபதில் வண்டி ஓட்டி வந்த அண்ணனுக்கு எவ்வளவு போயிருக்கும் என்று கேட்டான். முக்காற்பணத்தில் சுமை தூக்கியவருக்கு எவ்வளவு போனது என்று நான் கேட்க நினைத்திருந்தேன், அவன் முந்திக்கொண்டான்.

பழமொழிக்கு வயது கேட்பது

"இது எந்தக் காலத்துப் பழமொழி மிஸ்?" கட்டாயம் வரும் கேள்வி. தப்பிக்கப் பார்க்காதீர்கள்.

நம் பக்கத்திலேயே ஓர் உவமை இருக்கிறது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லை எடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்ததற்கு அதுதான் முதல் சான்று ஆனது. கல் மண்ணடுக்கில் கிடக்கும். எந்த அடுக்கு என்பதை வைத்து வயதைக் கணிக்கலாம். பழமொழி வாயிலிருந்து வாய்க்குப் போய்க்கொண்டே இருப்பது, அதற்கு அடுக்கு கிடையாது. ஆனால் அதற்குள் இருக்கும் பொருளுக்கு வயது உண்டு. பொருள் வருவதற்கு முன்னால் பழமொழி வந்திருக்க முடியாது.

இதற்கு நான் எடுப்பது கொஞ்சம் முள்ளான பழமொழி, ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே வேண்டாம்: "புகையிலை விரிச்சா போச்சு, பொம்பள சிரிச்சா போச்சு." பையன்கள் சிரிப்பார்கள், பெண்கள் முறைப்பார்கள். விடுங்கள். பிறகு புகையிலை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. 16ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் இந்த நாட்டில் யாரும் புகையிலையை விரித்திருக்க முடியாது. ஆக, பெண் சிரிக்கக்கூடாது என்பதற்கு "அந்தக் காலத்திலிருந்தே சொல்லி வருகிறார்கள்" என்று யாராவது இந்தப் பழமொழியைக் காட்டினால், அந்தக் காலம் தஞ்சைப் பெரிய கோயிலுக்கே ஐந்து நூற்றாண்டு பிந்தியது. ஒரு மாணவி நோட்டில் இதற்குக் கீழே இரண்டு கோடு போட்டதைப் பார்த்தேன்.

சாதியைச் சொல்லிப் பழிக்கும் பழமொழிகள் ஏராளம். பொற்கொல்லர், வண்ணார், இடையர் என்று யாரையும் விட்டுவைக்கவில்லை. அவற்றையும் சான்றாக வைத்து நடத்தலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்வதில்லை. வகுப்பில் அந்தச் சாதிப் பிள்ளை உட்கார்ந்திருக்கும், இடைவேளையில் அந்தப் பழமொழி அதன் பட்டப்பெயராகிவிடும். சான்று என்று நாம் சொல்வது மணியடிக்கும்வரைதான் செல்லும்.

"அடியாத மாடு படியாது" மட்டும் துணிந்து எடுங்கள். திண்ணைப் பள்ளியில் பிரம்பு எப்படி ஆண்டது என்பதிலிருந்து 2009இன் கல்வி உரிமைச் சட்டம் அடியைத் தடைசெய்தது வரை பிள்ளைகளே பேசுவார்கள். நீங்கள் வாயே திறக்கவேண்டாம்.

குதிரும் குதிரையும்

இங்கே என் சொந்த அசட்டுத்தனம் ஒன்று. "மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே" என்பது தவறு, குதிர் என்றால் ஆற்று நடுவிலுள்ள மண்மேடு, "மண்குதிரை நம்பி" என்பதுதான் உண்மை என்று ஒருமுறை வெகு பெருமையாக வகுப்பில் சொன்னேன். வாட்ஸ்அப்பில் வந்தது. முன்பெஞ்சுப் பையன், "அதுக்கு ஆதாரம் என்ன மிஸ்?" என்றான். என்னிடம் இல்லை. சான்று கேள், சான்று கேள் என்று வருடம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

இந்த வகை "உண்மைப் பொருள்" விளக்கங்கள் இப்போது ஊரெல்லாம் சுற்றுகின்றன. ஆயிரம் பேரைக் கொன்றவன் இல்லையாம், ஆயிரம் வேரைக் கொண்டவனாம். சட்டி இல்லையாம், சஷ்டியாம். கேட்க அழகாக இருக்கும். பழமொழியின் கேலியை எடுத்துவிட்டு அதைச் சாதுவாக்கும் ஆசைதான் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் என்பது என் எண்ணம். சபிப்பதிலும் கிண்டலிலும் நம் பாட்டிமார் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லையே!

ஆனால் இதை ஒதுக்காமல் பாடமாக்குங்கள். பீட்டர் பெர்சிவல் என்ற பாதிரியார் யாழ்ப்பாணத்திலும் பிறகு சென்னையிலும் இருந்து தொகுத்த தமிழ்ப் பழமொழிகள் 1874இல் சென்னையில் அச்சாகின, ஆறாயிரத்துக்கு மேல். ஹெர்மன் ஜென்சனின் தொகுப்பு 1897இல் வந்தது. இரண்டும் இணையத்தில் படமாகக் கிடைக்கின்றன; பெர்சிவலுடையது அகரவரிசையில் இருப்பதால் அதில் தேடுவது எளிது. வகுப்பை நான்கு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வாட்ஸ்அப் விளக்கத்தைக் கொடுங்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முன் அந்தப் பழமொழி எந்த வடிவில் அச்சாகியிருக்கிறது என்று தேடி எழுத வேண்டும். அச்சில் இருப்பதாலேயே அதுதான் மூலம் என்று ஆகிவிடாது என்பதையும் சொல்லுங்கள். பெர்சிவலுக்குச் சொன்னவர் யார், அவர் எந்த ஊர் என்ற கேள்வி அங்கேயும் நிற்கிறது.

கெட்டும் பட்டணம் சேர்

தாம்பரத்தில் நடத்துவதற்கென்றே பிறந்த பழமொழி இது. எங்கள் பக்கத்து வகுப்பறைகளில் பாட்டியைக் கூப்பிடும் சொற்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். செங்கல்பட்டுப் பக்கத்துப் பிள்ளைக்கு ஆயா, நெல்லைப் பிள்ளைக்கு ஆச்சி, மதுரைப் பக்கம் அப்பத்தா, அம்மாச்சி. ஒரே பெஞ்சில் நான்கு ஜில்லா. தெற்கிலிருந்து வரும் ரயிலில் மூட்டையோடு இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்.

பழமொழியை எழுதிவிட்டு, "எதனால் கெட்டார்கள்?" என்று கேளுங்கள். இங்கேதான் தாது வருஷப் பஞ்சம் உள்ளே வரும். அறுபது வருஷச் சக்கரத்தில் தாது பத்தாவது. 1876இல் வந்தது, மறுபடி 1936இலும் 1996இலும் வந்தது. வருஷப் பெயரைக் கிறிஸ்து ஆண்டாக மாற்றும் பயிற்சியை இங்கேயே கொடுத்துவிடலாம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம். கிராமங்களிலிருந்து பட்டணத்தை நோக்கி ஜனங்கள் நடந்தார்கள். நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான் பட்டணத்துக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி. வேலை செய்தவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று, பஞ்சத்தைப் பார்வையிட அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் 1877இல் கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு 454 கிராம். அரிசியைத் தராசில் வைத்துக் காட்டுங்கள். இன்றைக்குப் பறக்கும் ரயில் அந்தக் கால்வாய்க்கு மேலேயே ஓடுகிறது, பிள்ளைகள் தினமும் பார்த்திருப்பார்கள்.

பிறகு பட்டணம் தெற்கே நீண்ட கதை. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது. டாக்டர் சவுரிமுத்து 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் சானடோரியம் என்று ஒரு ரயில் நிலையத்துக்கே பெயர் வந்தது, தோல் தொழிற்சாலையால் குரோம்பேட்டைக்குப் பெயர் வந்தது. கிறித்தவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனை விட்டுச் சேலையூர்க் காட்டுக்கு வந்தது. 2021இல் தாம்பரமே மாநகராட்சியாகிவிட்டது. 2023 கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் வந்தபின், பட்டணம் சேருகிறவர்கள் கோயம்பேடு வரை போகாமல் இங்கேயே இறங்குகிறார்கள்.

வீட்டுப்பாடம் ஒரு பக்கம்: உங்கள் குடும்பத்தில் முதலில் பட்டணம் வந்தவர் யார், எந்த ஊரிலிருந்து, எந்த வருஷம், எதில் ஏறி வந்தார். சுவரில் தமிழ்நாட்டு வரைபடத்தை மாட்டி, ஒவ்வொரு ஊரிலிருந்தும் தாம்பரத்துக்கு நூல் கட்டினோம். வந்தவாசியிலிருந்து விளாத்திகுளம் வரை நூல்.

ஏன் வந்தார்கள் என்று மட்டும் கட்டாயமாகக் கேட்காதீர்கள். "கெட்டும்" என்ற சொல் சில வீடுகளில் இன்னும் ஆறாத புண். கடன், அடிதடி, சாதிச் சண்டை, ஓடிவந்த கல்யாணம் எல்லாம் அதற்குள் இருக்கும். பிள்ளை தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், மற்றவர் முன் படிக்கவைக்காதீர்கள். எங்கள் வகுப்பில் நூல் கட்டாமல் ஒரே ஒரு பெண் நின்றாள். "நாங்க எங்கிருந்தும் வரல மிஸ், மாடம்பாக்கம்தான்." அவள் வீட்டுக்கு எதிரில் சோழர் காலத் தேனுபுரீஸ்வரர் கோயில். மற்றவர்களெல்லாம் அவளைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

புறங்கையும் ஏரிக்கரையும்

பிற்காலச் சோழர் பாடத்தில் உத்திரமேரூர் வரும். குடவோலை என்று படம் போட்டு, உலகின் முதல் தேர்தல் என்று மார்தட்டி முடிப்பது வழக்கம். அதற்குப் பதில் "தேன் எடுத்தவன் புறங்கையை நக்கமாட்டானா?" என்று தொடங்கிப் பாருங்கள். பொதுப்பணத்தில் கை வைப்பது சகஜம் என்று பழமொழி தோளைக் குலுக்கிவிட்டுப் போகிறது. முதலாம் பராந்தகன் காலத்தில் 919லும் 921லும் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகள் தோளைக் குலுக்கவில்லை: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக்கூடாது, அவன் உறவினர் பெயரையும் போடக்கூடாது. வயது முப்பத்தைந்து முதல் எழுபதுக்குள். கடந்த மூன்று வருடத்தில் வாரியம் வகித்தவருக்கு மறுவாய்ப்பு இல்லை. பழமொழியை ஒரு பக்கமும் விதியை ஒரு பக்கமும் எழுதி, எது அதிகம் உண்மை பேசுகிறது என்று விவாதிக்க விடுங்கள். இவ்வளவு கடுமையாக விதி போட்டிருக்கிறார்கள் என்றால் யாரோ நக்கியிருக்கத்தான் வேண்டும் என்று ஒரு பையன் சொன்னான். அது பிராமணர் சபை, நிலமில்லாதவருக்கும் பெண்களுக்கும் அங்கே ஓலை இல்லை என்பதையும் விடாமல் சொல்லுங்கள்.

அந்தச் சபையில் ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் இருந்தது. அங்கிருந்து நேராக நம் ஏரிக்கு வந்துவிடலாம். "ஏரி நிறைந்தால் கரை கசியும்", "வெள்ளம் வருமுன் அணை போடு." சிட்லபாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்து உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்கும், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புக்கும் போகும். ஒன்று நிறைந்தால் அடுத்ததுக்கு. 2015 டிசம்பர் 2 காலை வரையான ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அப்போது கைக்குழந்தையாக இருந்தவர்கள்தான் இன்று நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். முடிச்சூர்ப் பிள்ளைகளிடம் வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை அளந்துவரச் சொல்லுங்கள்.

ஏரிக்கு அழைத்துப்போவதென்றால் மார்ச்சில் போய்ப் பயனில்லை, காய்ந்த புல்லும் பிளாஸ்டிக்கும்தான் தெரியும். வடகிழக்குப் பருவமழை பிடித்தபின் நவம்பர் கடைசியில், மழை இல்லாத ஒரு காலை நேரம் பாருங்கள். அனுமதிக் கடிதங்களைச் செப்டம்பரிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மதகு எது, கலங்கல் எது, போக்குக்கால்வாய் எது என்று முந்தைய வகுப்பிலேயே படம் வரைந்து காட்டிவிட வேண்டும், அங்கே போய் விளக்க முடியாது, கத்துவார்கள். கலங்கல் மேல் தண்ணீர் போகிறதென்றால் பிள்ளைகளைக் கரைக்கு உள்பக்கம் இறங்கவிடாதீர்கள். நீந்தத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் கூட வரட்டும். பக்கத்துத் தெருவில் எழுபது வயதுக்கு மேற்பட்ட யாராவது நிச்சயம் வேடிக்கை பார்க்க வருவார், அவரை விட்டுவிடாதீர்கள். போன முறை எங்களுக்குக் கிடைத்த தாத்தா, ஏரியைப் பற்றி எந்தத் தொகுப்பிலும் இல்லாத ஒரு பழமொழியைச் சொன்னார். அச்சில் ஏற்ற முடியாத வார்த்தை ஒன்று அதில் இருக்கிறது. பிள்ளைகள் எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.